மஞ்சள் சாயம் எறிகணைக்குள் போன கதை

ஷெல் என்றதும் நாங்கள் இரும்பைத்தான் நினைக்கிறோம். அந்த இரும்பை உடைத்தெறியும் மருந்தைப் பற்றித் தம்பிலுவிலில் என்னோடு வளர்ந்தவர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. தேடிப் போனபோது அதன் கதை சாயத்தில் தொடங்கியது.

பிக்ரிக் அமிலம் பட்டுக்கு மஞ்சள் ஏற்றப் பயன்பட்ட பொருள். 1880களில் பிரான்ஸ் அதை உருக்கி எறிகணைக்குள் ஊற்றியது. 1888இல் பிரித்தானியா அதையே எடுத்து, சோதித்துப் பார்த்த லிட் என்ற ஊரின் பெயரால் 'லிடைற்' என்றது. யப்பானியரின் 'ஷிமோசே'யும் இதுதான். 1905இல் சுஷிமா கடற்சமரில் ரஷ்யக் கப்பல்களை எரித்தது.

தென்னாபிரிக்காவில் பிரித்தானியர் போயர்கள் மீது லிடைற் எறிகணைகளை வீசினார்கள். 1900 பெப்ரவரியில் பார்டபேர்க் ஆற்றங்கரையில் குழி வெட்டிப் பதுங்கியவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் கடைசியில் சரணடைந்தார்கள். பங்கருக்குள் இருந்த சனம் நாங்கள் மட்டுமல்ல. அந்தப் போரின் கைதிகளில் ஆயிரக்கணக்கானோர் அவ்வாண்டே எங்கள் தீவின் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் ஏங்கல்பிரெக்ற் என்பவர் பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்து இங்கேயே தங்கி, எங்களுக்குத் தெற்கே, குமணைக்கு அப்பாலுள்ள யாலைக் காட்டின் காவலரானார். 1914இல் எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தில் சிறைக்கும் போனார்.

லிடைற்றுக்கு ஒரு குறை இருந்தது. ஈயம் முதலிய உலோகங்களோடு சேர்ந்தால், சிறு உரசலுக்கே வெடிக்கும் உப்புகள் உண்டாகும். அதனால் எறிகணையின் உட்புறத்துக்கு வார்னிஷ் பூச வேண்டியிருந்தது. 1863இல் ஜேர்மனியர் வில்பிரான்ட் தயாரித்த ரி.என்.ரிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதுவும் மஞ்சள்தான். ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் உருகும், நீராவியிலேயே உருக்கி ஊற்றலாம். உலோகத்தை அரிக்காது, தண்ணீரில் கரைவதும் மிகக் குறைவு, கீழே விழுந்தாலும் இலகுவில் வெடிக்காது. 1902இல் ஜேர்மன் இராணுவம் அதை எடுத்துக்கொண்டது. 1916 ஜட்லண்ட் சமரில் பிரித்தானியரின் லிடைற் குண்டுகள் கவசத்தில் பட்டவுடனேயே வெடித்துவிட, ஜேர்மனியரின் ரி.என்.ரி குண்டுகள் கவசத்தைத் துளைத்து உள்ளே போய் வெடித்தன.

பிரித்தானியாவும் அதற்கு மாறியது. தொழிற்சாலையில் அதை நிரப்பிய பெண்களின் தோல் மஞ்சளானது. 'கனேரி' குருவி என்று பட்டம் வைத்தார்கள். ஈரல் கெட்டுப் பலர் இறந்தார்கள். 1917 ஜனவரியில் லண்டன் சில்வர்ரவுணில் சுமார் 50 தொன் வெடித்து 73 பேர் மாண்டார்கள்.

செய்பவருக்கும் சுமப்பவருக்கும் ஆபத்துக் குறைவு என்று கொண்டாடப்பட்ட அதே குணம்தான் மண்ணுக்குள் எங்களுக்கு வினையாகிறது. 2014 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் முதலாம் உலகப் போர்க்காலக் குண்டு வெடித்துக் கட்டடத் தொழிலாளர் இருவர் இறந்தனர். போர் தொடங்கி அப்போது நூறு ஆண்டுகள் ஆகப் போகின்றன. எங்கள் போர் முடிந்தது 2009இல். கோது துருப்பிடித்தாலும் உள்ளிருக்கும் மருந்து கெடுவதில்லை. உருகி மட்டும் பழுதாகி, சில வேளை முன்பைவிட இலகுவில் தூண்டப்படும். "பழசு, செத்துப்போச்சு" என்று இரும்புக்காகக் கிண்டி எடுப்பவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்.