சிங்கர் என்னும் பெயர்: சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு வணிகப் பெயர் ஒரு பொருளின் பெயராகவே வழங்கத் தொடங்குமாயின், அங்கே வரலாற்று மாணவன் சற்றுத் தரித்து நோக்க வேண்டியவனாகின்றான். யாழ்ப்பாணத்து மூத்த தலைமுறையினரிடையே ‘சிங்கர் மெசின்’ என்னும் தொடர் தையல் இயந்திரம் என்பதற்கு மறுபெயர் போலவே வழங்கி வந்துள்ளது. இப்பெயர்மீது மக்கள் வைத்த மதிப்பு எவ்வாறு தோன்றியது? அது விளம்பரத்தின் பேறா, அன்றி வேறு காரணங்களின் விளைவா? வலிகாமத்தின் சந்தை நகராகிய சுன்னாகத்தை நடுவாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பொறியும்

தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஐசாக் சிங்கர் என்பது பரவலான நம்பிக்கை. அது முழு உண்மை அன்று. கூர்முனைக்கு அருகே துளையுடைய ஊசியாலும், கீழிருந்து இரண்டாவது நூலைக் கொண்டுவரும் நாடாவாலும் பூட்டுத் தையலிடும் பொறிக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். சிங்கர் 1850இல் பொஸ்ரன் நகரப் பட்டறையொன்றிற் பிறர் செய்த இயந்திரத்தைத் திருத்த முற்பட்டுத் தமது அமைப்பை உருவாக்கி, 1851இல் காப்புரிமை பெற்றார். ஹோவ் தொடுத்த வழக்கின் முடிவில் அவருக்கு உரிமைப்பணம் செலுத்தவும் நேர்ந்தது. எனவே சிங்கர் கொம்பனியின் தனிச்சிறப்பைக் கண்டுபிடிப்பிலும் பார்க்க விற்பனை முறையிலேயே தேடல் வேண்டும். சிங்கரின் பங்காளியான எட்வேர்ட் கிளார்க் 1856 அளவிற் புகுத்திய தவணைமுறையே இயந்திரத்தைச் சாதாரண குடும்பங்களின் வாயிலுக்குக் கொண்டுவந்தது.

அமெரிக்கத் தையல் இயந்திரக் காப்புரிமைக் கூட்டு 1877இல் முடிவுற்றது. அதே ஆண்டில் இக்கொம்பனி கொழும்பிலே தன் வாணிகத்தைத் தொடங்கியது. பின்னர் 1885இல் ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்கிற் பெருந்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. அமெரிக்கப் பெயரும் ஸ்கொத்லாந்து உழைப்பும் கலந்த இப்பண்டம் நம்மவர் கண்ணுக்குச் ‘சீமைச் சாமான்’ என்னும் ஒரே வகையுள் அடங்கிற்று. அப்பெயருக்குப் பின்னால் நின்ற தொழிலாளரை இங்கு எவரும் அறிந்திலர். 1911இல் அத்தொழிற்சாலையிற் பெண் தொழிலாளர் சிலரின் வேலைச்சுமை கூட்டப்பட்டமையால் மூண்ட வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 11,000 பேர் பங்குகொண்டனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சுன்னாகத்தின் நிலைக்களன்

ஒரு பொறி வந்தவுடனே அதற்கு மதிப்பு வந்துவிடுவதில்லை. அதனை ஏற்கும் சமூகம் முன்னரே ஆயத்தமாதல் வேண்டும். சுன்னாகத்தை அடுத்த உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் 1824இல் தொடங்கிய பெண்கள் பாடசாலையில் ஊசி வேலை கல்வியின் ஒரு கூறாயிருந்தது. சாவகச்சேரியிலிருந்து காங்கேசன்துறை வரையான புகையிரதப் பாதை 1902இல் திறக்கப்பட்டபின், துணியும் நூலும் பொறியும் சுன்னாகம் வரை எளிதில் வந்தடைய வழி பிறந்தது. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் மகளிர் கல்லூரியை நிறுவினார். 1930 முதல் சுன்னாகத்திலிருந்து ‘ஈழகேசரி’ வெளிவந்தது. அச்சு இயந்திரமும் தையல் இயந்திரமும் ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் இவ்வூரின் வாழ்வோடு கலந்தன எனலாம்.

உடையின் மாற்றமும் இதனோடு பிணைந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிதல் யாழ்ப்பாணத்திற் பன்னெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இத்தடை முற்றாக நீங்கவில்லை. அத்தகைய சமூகத்திலே தைத்த சட்டை வெறும் உடை அன்று. அது மானத்தின் அடையாளமும் உரிமைக் குரலுமாகும். மலிவாகவும் விரைவாகவும் சட்டை தைக்கும் பொறி அக்குரலுக்குத் தன்னையறியாமலே துணை நின்றது.

சுதேசியத்துக்கு விலக்கு

அந்நியப் பண்டங்களை வெறுத்த சுதேசிய இயக்கம் இப்பொறியை எவ்வாறு நோக்கியது என்பது சுவையான வினா. இயந்திர மோகத்தைக் கடுமையாகச் சாடிய காந்தியடிகள், 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலிற் சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்காகக் கொண்டார். மனைவி கையால் தைத்துத் துன்புறுதலைக் கண்டு, அவள்மீது கொண்ட அன்பினாற் சிங்கர் இதனைச் செய்தார் என்பது அவர் கருத்து. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. சிங்கர் ஒரே காலத்திற் பல குடும்பங்களை நடத்தியவர், வாணிக நோக்குடன் பட்டறையில் உழைத்தவர். எனினும் இக்கதையின் பொய்ம்மையிலும் பார்க்க அது ஏன் நம்பப்பட்டது என்பதே நமக்கு முக்கியமாகும். பெரும் ஆலை தொழிலாளியின் வேலையைப் பறிப்பது. தையற்பொறியோ வீட்டிலுள்ளவளின் கைக்கு வலுவூட்டுவது. இவ்வேறுபாட்டைக் காந்தியடிகள் கண்டார்; அதனை விளக்கக் கதை துணையாயிற்று.

அவர் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தபோது இராமநாதன் கல்லூரி மாணவியரிடையேயும் உரையாற்றினார். அக்காலத்து இளைஞர் காங்கிரசார் கதரைப் போற்றினர். ஆயின் கதர்ச் சட்டையையும் தைக்க ஒரு பொறி வேண்டியிருந்தது. இம்முரண்பாடு எவரையும் பெரிதும் உறுத்தியதாகத் தெரியவில்லை. அந்நியத் துணி பகையாயிற்று. அந்நியப் பொறி வீட்டுப்பொருளாயிற்று.

மதிப்பின் மூன்று வேர்கள்

இப்பெயருக்குக் கிடைத்த மதிப்பை ஆராய்வார்க்கு மூன்று காரணங்கள் புலனாகும். முதலாவது, இது நுகர்ந்து தீரும் பண்டமாகாமல் உழைத்துத் தரும் சாதனமாயிருந்தமை. தவணைக்கு வாங்கிய பொறியே தவணைப் பணத்தையும் உழைத்துக் கொடுக்கவல்லது. இதனாலேயே அது சீதனத்தோடு சேர்த்துக் கொடுக்கத்தக்க பொருளாகவும், கணவனை இழந்தவளின் கைம்முதலாகவும் கருதப்பட்டது.

இரண்டாவது, உள்ளூர்க் கையால் திருத்தத்தக்கதாயிருந்தமை. எண்ணெயிட்டு, வாரை மாற்றி, தேய்ந்த உறுப்பைப் புதுக்கினால் அது தலைமுறை கடந்தும் இயங்கும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வெங்காயமும் மிளகாயும் வலிகாமத்து விவசாயிக்கு நல்ல விலை தந்த அக்காலத்திலும் கையிற் காசிருந்தும் கடையிற் புதுப்பொருள் அரிதாயிருந்தது. பழைய பொறியின் அருமை அப்போது பெருகிற்று.

மூன்றாவது, மின்சாரம் வேண்டாமை. இக்காரணத்தின் முழுப்பொருளைப் போர் உணர்த்திற்று. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் அற்றது. மின்கலம் உட்படப் பல பொருட்கள் தடைசெய்யப்பட்டன. மின் நிலையத்தாற் பெயர்பெற்ற சுன்னாகமும் இருளில் ஆழ்ந்தது. குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் பயனற்று நின்ற வீட்டில், காலால் மிதிக்கும் தையற்பொறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமமே வெறுமையாயிற்று. மீண்டுவந்தோர் பலர் வாழ்வைத் தொடங்கியதும் இத்தகைய சிறு சாதனங்களைக் கொண்டேயாம்.

பெயர் வேறு, பொருள் வேறு

1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் சிங்கர் என்னும் பெயர் இலங்கையிற் பலவகை வீட்டு மின்சாதனங்களுக்கும் உரியதாயிற்று. கிளைட்பாங்குத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. இலங்கைச் சிங்கர் நிறுவனத்தின் பெரும்பங்கை 2017இல் ஹேலீஸ் குழுமம் வாங்கிற்று. இன்று அப்பெயர் தாங்கும் கடைக்குச் செல்பவர் தையற்பொறியை மட்டும் நாடிச் செல்வதில்லை. பொருள் மாறிற்று, உரிமையாளர் மாறினர், பெயரின் மதிப்பு மட்டும் மாறாது தொடர்கின்றது.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய சிக்கல் எழுகின்றது. தையற்பொறியின் தவணையைப் பொறியே கட்டியது. குளிர்சாதனப் பெட்டியின் தவணையையோ வேறோர் உழைப்பே கட்டல் வேண்டும். இது ஒரு நிறுவனத்தின் குற்றமன்று. தவணைமுறை அனைத்துக்கும் பொதுவான இயல்பு. 2009இன் பின் வடக்கிற் பெருகிய கடன்களால் பெண்கள் பட்ட இடர், 2018இல் அரசே நுண்கடன் நிவாரணம் அறிவிக்குமளவிற்கு வளர்ந்தது. உழைக்கும் பண்டத்துக்கும் உழைப்பை உண்ணும் பண்டத்துக்கும் இடையிலான வேறுபாட்டை நம் பாட்டிமார் நன்கு அறிந்திருந்தனர். அவ்வறிவு மங்கிப் பெயர்மீதுள்ள நம்பிக்கை மட்டும் எஞ்சுவது நன்றன்று.

சிங்கர் என்னும் பெயருக்கு யாழ்ப்பாணத்திற் புகழ் தேடித்தந்தோர் விளம்பரகாரர் மட்டுமல்லர். இரவு விளக்கொளியிற் சட்டை தைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த பெண்களே அப்புகழின் பெரும்பங்காளிகள். பொறியின் நெற்றியிற் கொம்பனியின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அதனை மிதித்தவள் பெயர் எங்கும் இல்லை. பழைய தவணைச் சீட்டுகளும் சீதன உறுதிகளும் தையற்கடைக் கணக்குக் கொப்பிகளும் இன்னும் சில வீட்டுப் பெட்டகங்களிற் கிடத்தல் கூடும். அவை கறையானுக்கு இரையாகுமுன் அவற்றைத் திரட்டுதலும், அவ்வீடுகளின் முதியோர் கூற்றுகளைக் கேட்டெழுதி வைத்தலும் நம் பல்கலைக்கழக மாணவர்தம் கடனாகும்.