திருகோணமலையில் எங்கே தங்குவது?

ஜூன் மாதம் பிறந்தால் அன்புவழிபுரத்தில் இருக்கும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் ஊர் வருகிறவர்கள், வவுனியாவிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எங்கே தங்கலாம்?" இணையத்தில் தேடினால் அறையின் படமும் விலையும் கிடைக்கும். விடுதி யாருடையது, கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்பது பெரும்பாலும் கிடைக்காது. எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் தெரிய வேண்டும்.

காலம்

மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அலை உயரும்; குளிப்பது ஆபத்து. அந்த மாதங்களில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் கடலை நம்பி வராதீர்கள்.

நகரம்

கோணேஸ்வரம் போவதுதான் முதல் நோக்கம் என்றால் நகரத்துக்குள் தங்குங்கள். கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில், பேருந்து நிலையம், சந்தை, சைவச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் கிட்ட இருக்கும். கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். கோட்டைக்குள் இன்றும் இராணுவம் இருக்கிறது. முதன்முறை வருகிற பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிவராத்திரிக்கும் பங்குனித் திருவிழாவுக்கும் வருவதாக இருந்தால் அறையை நேரத்தோடு பேசிவிடுங்கள்.

நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில்தான் 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் நிறுத்தப்பட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். மாலையில் அங்கே கடலைக்காரரும் பட்டம் விடும் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டு நடப்பது வேறு, தெரியாமல் நடப்பது வேறு.

கன்னியாப் பக்கம்

அந்தியேட்டிக் கிரியைக்காகக் கன்னியா வெந்நீரூற்றுக்கு வருகிற குடும்பங்கள் பல. அவர்களுக்குக் கடற்கரை விடுதி தேவையில்லை. நகரத்திலோ அன்புவழிபுரம் போன்ற உட்புறக் குடியிருப்புகளில் உறவினர் வீட்டிலோ தங்கினால் காலையிலேயே முச்சக்கரவண்டியில் போய் வந்துவிடலாம். இங்கே கடல் தெரியாது. இரவு அமைதியாக இருக்கும்.

உப்புவெளியும் நிலாவெளியும்

உப்புவெளி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர். பெரிய ஹோட்டலும் உண்டு, நாலைந்து அறை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதுதான் வசதி. கடலும் கிட்ட, வைத்தியசாலையும் அதிக தூரமில்லை.

நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். அங்கிருந்துதான் புறாமலைக்குப் படகு போகிறது. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இந்தத் தீவில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு கூட. இலங்கை அடையாள அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள். இருட்டினால் பேருந்து குறைவு. திரும்பும் வழியை முன்பே பேசி வையுங்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை அள்ளிக்கொண்டு போனது. இன்று சுற்றுலாக்காரர் நாற்காலி போடும் அதே மணலில்தான் கரைவலையும் இழுக்கிறார்கள். கடலோரக் காணிகள் விடுதிகளுக்குப் போகப்போக வலை இழுக்கவும் தோணி ஏற்றவும் இடம் சுருங்குகிறது. வலை இழுக்கும் நேரத்தில் சற்று விலகி நில்லுங்கள். மீன் வேண்டுமென்றால் அங்கேயே வாங்கலாம்.

யாருடைய விடுதி?

வடக்குக் கிழக்கில் படையினர் நடத்தும் விடுதிகளும் உண்டு. சீனக்குடாப் பக்கம் மாபிள் கடற்கரை விடுதியை விமானப்படை நடத்துகிறது. காங்கேசன்துறையில் தல்செவன விடுதி இராணுவத்தினுடையது. இடம் அழகு, அறை சுத்தம். காணி விடுபடக் காத்திருந்து முகாமில் வருடக்கணக்காய் இருந்த ஒருவருக்கு அங்கே தூக்கம் வருமா என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதே என் எண்ணம்.

பேசும்போது கேட்க வேண்டியவை

உரிமையாளர் யார், உள்ளூரவரா? வேலை செய்கிறவர்கள் எந்த ஊர்? விலை ஆளுக்கா, அறைக்கா? குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? நுளம்பு வலை இருக்கிறதா? மரக்கறிச் சாப்பாடு தனிச் சட்டியில் சமைப்பார்களா? முழங்கால் வலி உள்ளவருக்குக் கீழ்த்தட்டில் அறை கிடைக்குமா?

முன்பதிவுத் தளங்கள் ஒவ்வொரு அறைக்கும் தரகு எடுக்கும். விடுதியின் எண் கிடைத்தால் நேரே பேசுங்கள். பல இடங்களில் விலை குறையும். சின்ன விடுதி ஒன்றில் ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்கினால் சமைக்கும் அக்காவுக்கும், மீன் கொண்டு வருகிறவருக்கும், முச்சக்கரவண்டிக்காரருக்கும் அந்தக் காசு அன்றைக்கே போய்ச் சேரும். விலையும் வசதியும் ஒத்துவந்தால், நான் கைகாட்டுவது அப்படியான வீடுகளைத்தான்.