லயத்து நாயும் 1901ஆம் ஆண்டுச் சட்டமும்

வரக்காப்பொலயைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களைக் காணும்போதெல்லாம், அங்கு நாய் வளர்ப்பதற்கும் ஒரு வரலாறு உண்டென்பதை எண்ணுவேன்.

விசர்நாய்க்கடியைத் தடுக்க 1893இல் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நாய்களைப் பதிவுசெய்ய 1901இல் 25ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் வந்தன. சட்டத்தின் கண்ணில் நாய்க்கு உரிமையாளன் உண்டு. ஆனால் அந்த உரிமையாளன் தோட்டத் தொழிலாளியாயின், அவன் படுத்துறங்கும் காம்பிரா அவனுடையதன்று. வேலை போனால் குடியிருப்பும் போகும் என்ற நிலையில், மாட்டுக்கொட்டிலோ கோழிக்கூடோ துரையின் இசைவில்தான் நிற்கும்.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. வீட்டுக்காரர் மாறினார்; குடியிருப்பவரின் நிலை மாறவில்லை.

அமெரிக்காவில் 1988இல் திருத்தப்பட்ட வீட்டுவசதிச் சட்டம், மாற்றுத்திறனாளி உதவி விலங்குடன் வாடகை வீட்டில் வாழ வழிசெய்தது. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டமோ பொதுமக்கள் செல்லும் கட்டடங்களில் நுழையும் உரிமையைப் பேசுகிறது. லயத்துக் காம்பிரா அத்தகைய இடமன்று.

பார்வையிழந்த தொழிலாளி ஒருவர் துணைக்கு நாய் வைத்துக்கொள்ள விரும்பினால், முதலில் தேவைப்படுவது வீட்டுக்கான உறுதிப்பத்திரமே என்பது என் கருத்து.