பீங்கானை நம்பிக் கடலாழம் போன நெரியஸ்



இன்று தரம் 10 பிள்ளைகளுக்கு அமுக்கம் படிப்பித்தபோது ஆழ்கடல் ஆய்வைப் பற்றியும் சொன்னேன். ஒரு மாணவர் எழும்பிக் கேட்டார்: "சேர், கை தவறினா உடையிற பீங்கானையா கடலுக்கு அடியில அனுப்பினாங்க?" நல்ல கேள்வி. வகுப்பில் சொன்ன பதிலை இங்கும் பகிர்கிறேன்.

அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனம் உருவாக்கிய ஆளில்லா ஆய்வு இயந்திரம்தான் நெரியஸ். அந்தப் பெயரும் மாணவர்களுக்கு நடத்திய போட்டியில் கிடைத்ததுதான். 2009 மே 31ஆம் திகதி அது பசுபிக் சமுத்திரத்தின் சலஞ்சர் ஆழத்தில் 10,902 மீற்றர் வரை இறங்கியது. அங்கே நமது விரல் நகமளவு இடத்தில் ஒரு தொன்னுக்கும் மேலான பாரம் அழுத்தும்.

அந்த அமுக்கத்தை உலோகத்தால் தாங்குவதென்றால் சுவர் மிகத் தடிப்பாக வேண்டும். பாரம் கூடி, இயந்திரம் திரும்ப மேலே வராது. அலுமினாப் பீங்கான் உருக்கைவிட இலேசானது, நாலாபுறமும் நசுக்கினாலும் நன்றாகத் தாங்கும். அதனால் மின்சாதனங்களை வைத்த உறைகளையும், மிதப்பதற்கான சுமார் 1,500 வெற்றுக் கோளங்களையும் பீங்கானிலேயே செய்தார்கள்.

ஆனால் நசுக்கலைத் தாங்கும் பீங்கான், இழுவையைத் தாங்காது. உலோகம் நெளிந்து கொடுக்கும், பீங்கான் நெளியாது. உறையின் பீங்கானும் டைட்டேனிய வளையமும் சேரும் இடத்தில் இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அங்கே உராய்வும் இழுவையும் உண்டாகி, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் அந்தக் கீறல் கொஞ்சம் நீளும். கோளங்களிலும் ஆபத்து உண்டு. ஒன்று உள்நோக்கி நொறுங்கினால், அந்த அதிர்ச்சி அலையே பக்கத்துக் கோளங்களை உடைத்துவிடும்.

2014 மே 10ஆம் திகதி, நியூசிலாந்துக்கு வடகிழக்கே கேர்மடெக் அகழியில், 9,900 மீற்றர் ஆழத்தில் நெரியஸ் இருந்தது. ஒன்பது மணிநேரப் பயணத்தின் ஏழாவது மணியில் தொடர்பு அறுந்தது. பிறகு அதன் உடைந்த துண்டுகள் கடல் மேற்பரப்பில் மிதந்தன. அமுக்கத்தால் அதன் ஒரு பாகம் நொறுங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆளில்லாத இயந்திரம் என்பதால் உயிரிழப்பு இல்லை.

அதைவிட ஆழமான இடத்துக்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே போய்த் திரும்பிய இயந்திரம் அது. நேற்றுத் தாங்கியது நாளைக்கும் தாங்கும் என்று பீங்கான் உத்தரவாதம் தராது. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சோதித்தே இறக்க வேண்டும். இன்று பிள்ளைகளின் கொப்பியில் நான் எழுதச் சொன்ன கடைசி வரியும் இதுதான்.