தாது வருடப் பஞ்சமும் தென் ஆர்க்காட்டு வழிநடையும்

தாது வருடப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சமாகும். தமிழ் ஆண்டுக் கணக்கில் 1876-77 தாது ஆண்டு என்பதால் மக்கள் இதனை அவ்வாறே அழைத்தனர். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி ஆகிய இடங்களில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அப்போது விழுப்புரமும் திண்டிவனமும் கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆர்க்காடு மாவட்டத்தின் தாலுகாக்களாக இருந்தன. பசியைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பஞ்சம் பிழைக்க நடந்தவர்களின் குடும்ப உறவுகள் வழியில் என்னவாயின என்பது அதே அளவுக்கு அறியப்படவில்லை. அந்த நடையில் ஒரு பகுதி அரசு விதியால் நேர்ந்ததாகும்.

மழை பொய்த்த காரணம்

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரம் பெரும்பாலும் ஏரிப் பாசனத்தையும் மானாவாரியையும் நம்பியிருந்தது. தென்பெண்ணையும் செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணியும் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பினால்தான் அடுத்த ஆண்டுக்குச் சோறு. 1876இல் அந்த மழை தவறியது. 1877இல் தென்மேற்குப் பருவமழையும் பல வாரங்கள் தாமதித்தது.

பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தை மீறி வெப்பமடையும் 'எல் நினோ' நிகழ்வு 1877-78இல் மிகக் கடுமையாக இருந்தது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் பஞ்சம் நிலவியது. தங்கள் ஊர் ஏரி வறண்டதற்கும் தொலைதூரக் கடலுக்கும் உள்ள தொடர்பை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

சாலையும் இருப்புப்பாதையும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழி திண்டிவனம், விக்கிரவாண்டி, விழுப்புரம் வழியாகச் செல்கிறது. திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சி, திருவண்ணாமலைக்கும் தென்கிழக்கே புதுச்சேரிக்கும் சாலைகள் பிரிகின்றன. எனவே பஞ்சக் காலத்தில் இவ்வட்டாரம் மக்கள் வெளியேறும் இடமாக மட்டுமின்றி, உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து சென்னைக்கும் கடற்கரைக்கும் செல்வோரின் வழித்தடமாகவும் இருந்தது. பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் சுமார் 19.7 இலட்சமாக இருந்தது. 1881இல் அது சுமார் 16 இலட்சமாகக் குறைந்தது.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனம், விழுப்புரம் வழியாக இதே ஆண்டுகளில் போடப்பட்டது. விழுப்புரம் – புதுச்சேரி கிளைப்பாதை 1879இல் திறக்கப்பட்டது. இரயில் தானியத்தைக் கொண்டுவந்தது. ஆனால் விலை உச்சத்தில் இருந்ததால், தானியம் வந்து இறங்கிய ஊரிலும் அதை வாங்க ஏழைகளிடம் பணம் இல்லை.

பத்து மைல் விதி

1877 ஜனவரியில் வைசிராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிளைப் பஞ்சப் பகுதிகளுக்கு அனுப்பினார். நிவாரணச் செலவைக் குறைப்பதே அவருடைய பணி. உண்மையிலேயே பசித்தவர் யார் என்பதைக் கண்டறிய அவர் சில 'சோதனை'களைக் கடுமையாக்கினார். அவற்றுள் ஒன்று தொலைவுச் சோதனை. உடல் வலிமையுள்ளவர்களுக்குத் தம் ஊரிலிருந்து பத்து மைலுக்குள் நிவாரண வேலை தரக்கூடாது என்பது அதன் சாரம். பத்து மைல் என்பது 16 கிலோமீட்டர். திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலான தூரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு.

கூலியும் குறைக்கப்பட்டது. வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசும் போதும் என்று டெம்பிள் கருதினார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். மண் சுமக்கும் மனிதன் இந்த உணவில் உயிர் வாழ முடியாது என்பது அவருடைய வாதம். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது.

கோப்பில் ஒரு வரியாக இருந்த தொலைவுச் சோதனை வீட்டுக்குள் வேறு பொருள் பெற்றது. பத்து மைல் நடக்கக்கூடியவர் போக வேண்டும்; நடக்க முடியாதவர் தங்க வேண்டும். வேலைக்குப் போனவர் மாலையில் வீடு திரும்ப முடியாது. அவர் பெற்ற தானியம் அவருக்கே போதாதபோது, ஊரில் இருக்கும் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் எதை அனுப்புவார்? குழந்தைகளையும் உடன் அழைத்துச் சென்றால் அவர்கள் வழியிலேயே தளர்ந்தனர். விட்டுச் சென்றால் உறவினர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அந்த உறவினர் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

இக்காலத்தில் தொடங்கப்பட்ட நிவாரணப் பணிகளுள் பக்கிங்காம் கால்வாய் குறிப்பிடத்தக்கது. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78இல் பஞ்சக் கூலியாட்களால் வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. இதன் தென்முனை இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில் உள்ளது.

உறவுகள் கண்ட சோதனை

கணவன் வேலை தேடிச் சென்று திரும்பாததும், பெற்றோர் குழந்தைகளை முகாம் வாசலில் விட்டுச் சென்றதும் அக்கால ஆவணங்களில் அடிக்கடி காணப்படுகின்றன. இவற்றை அன்பின்மை என்று பல அதிகாரிகள் எழுதினர். ஆனால் கஞ்சி கிடைக்கும் இடத்தில் பிள்ளையை விடுவது, அதன் உயிரைக் காக்கத் தாய்க்கு இருந்த கடைசி வழியாகவும் இருந்திருக்கலாம்.

பஞ்சத்தில் உறவை நாடி நடப்பதன் துயரம் தமிழர் நினைவில் ஏற்கெனவே இருந்தது. ஏழு பிள்ளைகளுடன் அண்ணன் வீட்டுக்கு நடந்து, அண்ணியால் புறக்கணிக்கப்பட்டுக் கிணற்றில் உயிர்விட்ட நல்லதங்காள் கதை கிராமங்களில் பாடப்பட்டு வந்தது. பிறந்த வீடு எக்காலத்திலும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையைப் பஞ்சம் உடைப்பதே அக்கதையின் மையம்.

சாதி உறவும் சோதனைக்குள்ளானது. முகாம்களில் சமைத்த உணவே வழங்கப்பட்டது. யார் சமைத்தது, யாருடன் அமர்ந்து உண்பது என்ற அச்சத்தால் பலர் கடைசி வரை முகாமுக்கு வரவில்லை. வந்தவர்களுள் சிலர் ஊர் திரும்பியபின் விலக்கி வைக்கப்படுவோமோ என்று அஞ்சினர்.

வழியில் கிடைத்த ஆதரவு

உறவினர் கைவிட்ட இடத்தில் அயலார் சிலர் துணை நின்றனர். இதே தென் ஆர்க்காடு மாவட்டத்தின் வடலூரில் இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். சாதி, மதம், ஊர் கேட்காமல் பசித்தவருக்கு உணவளிப்பது அதன் நெறி. அடிகளுக்குப் பின்னும் அதன் அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. மாயவரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பஞ்சத்தில் வாடியோருக்கு உணவளித்தார். பெருவழிச் சத்திரங்களும் ஊர்க் கஞ்சித் தொட்டிகளும் பலரைக் காத்தன.

1877இன் பிற்பகுதியில் மழை பெய்தது. இலண்டன் மேயரின் பெயரில் திரட்டப்பட்ட நிதியிலிருந்து விதை, உழவு மாடு, கூரை, துணி ஆகியவற்றுக்கு உதவி வழங்கப்பட்டது. ஊர் திரும்பியவர் மீண்டும் குடும்பமாக வாழ வேண்டுமானால் கஞ்சி மட்டும் போதாது என்பதை இந்த உதவி உணர்ந்திருந்தது.

கடல் கடந்தவர்கள்

சிலருடைய நடை துறைமுகத்தில் முடிந்தது. 1877இல் மட்டும் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தமிழர் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றனர். சென்னையிலிருந்து மொரிசியசு, நேட்டால் ஆகிய இடங்களுக்கும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதம் நேட்டால் கப்பல்களுக்கு விதிக்கப்பட்டிருந்ததால், காத்திருப்பு முகாம்களிலேயே புதிய இணைகள் உருவாயின. கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவை பதிவாயின. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் முன்னோரின் ஊரைத் தேடும்போது இந்தப் பட்டியல்களையே முதலில் பார்க்கின்றனர்.

பின்விளைவுகள்

ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதன் வழியே 1883இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது. உழைக்க இயலாதவர்களை அவரவர் ஊரிலேயே பட்டியலெடுத்து உதவ வேண்டும் என்ற நெறி அதில் இடம்பெற்றது. 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், நூறு நாள் வேலையை ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் தர வேண்டும் என்றும், அதற்கு அப்பால் தந்தால் பத்து விழுக்காடு கூடுதல் கூலி வழங்க வேண்டும் என்றும் விதித்தது. பத்து மைலுக்குள் வேலை தராதே என்ற பழைய விதி இவ்வாறு தலைகீழானது.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பதிவானது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே இரயில் போக்குவரத்தும், அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையும் தடைபட்டன. 1876இல் பஞ்சம் பிழைக்க மக்கள் நடந்த அதே வழித்தடம் இது. அன்று வறட்சி, இன்று வெள்ளம். குழந்தை, முதியோர், நோயாளி உள்ள குடும்பத்திற்கு உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற கேள்வி இரண்டு காலத்திற்கும் பொது. பேரிடர்த் திட்டம் தீட்டுவோர் முதலில் அளக்க வேண்டியதும் அந்தத் தொலைவையே.