ஆறரை ஆண்டுகளும் ஒரு காலைப்பொழுதும்

கால்பந்தாட்டத்தில் அக்கறையில்லாத நண்பர்களும் இக்கட்டுரையை இறுதிவரை வாசிக்க வேண்டுமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பேசப்போவது ஓர் ஆட்டக்காரரைப் பற்றித்தான். ஆனால் கேள்வி ஆட்டத்தைப் பற்றியதன்று. ஒரு மனிதரின் பெருஞ்செயல்களையும் அவர் இழைத்த ஒரு பிழையையும் ஓர் ஊர் எவ்வாறு ஒருங்கே நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதே கேள்வி. ஊர், இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூல். மனிதர், அந்நகரின் கால்பந்துக் கழகத்திற்கு ஒருகாலத்தில் அணித்தலைவராக இருந்த கிரேம் சூனஸ்.

சூனஸ் 1953இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். 1978 ஜனவரியில் மிடில்ஸ்பரோ கழகத்திலிருந்து லிவர்பூலுக்கு வந்தார். நடுக்கள ஆட்டக்காரர். முன்வரிசை கோல் அடிக்கும், பின்வரிசை தடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் இடையில் எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தை யாருக்கு எப்போது தருவது என்று முடிவு செய்வதும் நடுக்களத்தின் வேலை. பறிப்பதில் வல்லவர்கள் பலருண்டு. தருவதில் நுட்பம் வாய்ந்தவர்களும் பலருண்டு. இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிது. சூனஸிடம் அமைந்திருந்தது. வந்த நான்கே மாதங்களில், வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் கென்னி டால்கிலீஷ் அடித்த ஒரே கோலுக்குப் பந்தை நுழைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐந்து லீக் பட்டங்கள், மூன்று ஐரோப்பியக் கோப்பைகள், தொடர்ந்து நான்கு லீக் கோப்பைகள். 359 ஆட்டங்கள், 55 கோல்கள். இவற்றின் உச்சம் 1984 மே 30. ரோம் நகரின் ஒலிம்பிக் அரங்கில், ரோமா அணியை அதன் சொந்த மண்ணிலேயே லிவர்பூல் எதிர்கொண்டது. ஆட்டம் 1-1 எனச் சமனில் நின்று பெனால்டி உதைகளுக்குச் சென்றது. லிவர்பூலின் முதல் உதை வீணாயிற்று. அதன்பின் அணித்தலைவர் சூனஸ் தம் முறை வந்தபோது தயக்கமின்றிப் பந்தை வலைக்குள் செலுத்தினார். லிவர்பூல் 4-2 என வென்றது. கோப்பையை உயர்த்திய கையோடு அவர் கழகத்தை விட்டு இத்தாலியின் சாம்ப்டோரியாவுக்குச் சென்றார்.

அதே ஆண்டின் அரையிறுதியில் நடந்த இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் அரங்கில், ருமேனியாவின் டினாமோ புக்கரெஸ்ட் அணியின் தலைவர் லிகா மோவிலாவின் தாடையைச் சூனஸ் குத்தி உடைத்தார். நடுவர் அதைக் காணவில்லை. இரண்டாவது ஆட்டத்திற்காகப் புக்கரெஸ்ட் சென்றபோது, பழிதீர்க்கக் காத்திருந்த அரங்கின் நடுவே அவர் ஒதுங்காமல் ஆடினார். லிவர்பூல் 2-1 என வென்றது. இந்தக் கதையை லிவர்பூல் ரசிகர்கள் வெட்கத்தோடு சொல்வதில்லை, பெருமிதத்தோடு சொல்கிறார்கள். ஒரு மனிதனின் எலும்பை உடைத்தது அவர்களுடைய கணக்கில் சூனஸின் குற்றப் பட்டியலில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் மிகவே காவல்துறை ஒரு வெளியேறும் வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே நுழைந்த கூட்டம், ஏற்கெனவே நிரம்பியிருந்த கம்பிவேலித் தடுப்புக்குள் சென்று நசுங்கியது. அதன் விளைவாக இறந்தோர் தொகை இன்று 97. கடைசி மனிதர், அன்று பட்ட காயத்தோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தார். மாண்டவர்களில் இளையவனுக்கு வயது 10.

நான்கு நாள் கழித்து 'தி சன்' நாளிதழ் தன் முதற்பக்கத்தில், லிவர்பூல் ரசிகர்கள் பிணங்களிடம் திருடினர் என்றும், காவலர்மீது சிறுநீர் கழித்தனர் என்றும், உண்மை இதுவே என்ற தலைப்பில் எழுதியது. அன்று முதல் அந்நகரம் அந்தப் பத்திரிகையை வாங்குவதை நிறுத்தியது. கடைக்காரர்கள் அடுக்கிலிருந்து எடுத்தார்கள். பலர் இன்றுவரை அதன் பெயரை உச்சரிப்பதுமில்லை.

இந்தப் புறக்கணிப்பின் பொருளைப் புரிந்துகொள்ள அக்காலச் சட்ட நிலையை நோக்க வேண்டும். காவல்துறையின் கட்டுப்பாடு தோற்றதே முதன்மைக் காரணம் என்று நீதிபதி டெய்லரின் அறிக்கை 1989லேயே சொல்லியிருந்தது. ஆயினும் 1991 மார்ச்சில், மரண விசாரணை மன்றத்தின் நடுவர் குழு அந்தச் சாவுகளை விபத்து என்று தீர்ப்பளித்தது. தனிக் குழு ஒன்றின் அறிக்கை 2012இல் வெளிவந்து, பத்திரிகையும் மன்னிப்புக் கேட்டு, 2016இல் அவை சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் என்றும் ரசிகர்கள்மீது பழியில்லை என்றும் புதிய தீர்ப்பு வரும்வரை குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. ஆக, 1992இல் லிவர்பூல் மக்கள் கையில் என்ன இருந்தது? நீதிமன்றம் இல்லை, அரசு இல்லை. ஒரு பத்திரிகையை வாங்காமலிருப்பது ஒன்றே அவ்வூர் தானே எழுதி, தானே நிறைவேற்றிய தீர்ப்பு.

1989இல் சூனஸ் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் கழகத்தின் மேலாளர். துயரத்தின் நாட்களில் லிவர்பூல் மேலாளராக இருந்து, சவ அடக்கங்கள் பலவற்றுக்குச் சென்று நின்றவர் பழைய தோழர் டால்கிலீஷ். அவர் 1991 பிப்ரவரியில் விலக, ஏப்ரலில் அந்த இடத்துக்குச் சூனஸ் வந்தார். ஓராண்டுக்குள் இதய அறுவை சிகிச்சை. மருத்துவமனையில் அவர் இருந்தபோது, 1992 ஏப்ரல் 13 அன்று அணி அரையிறுதி மறு ஆட்டத்தில் போர்ட்ஸ்மத்தைப் பெனால்டியில் வென்றது. ஏப்ரல் 15 காலை, மருத்துவமனையில் மகிழ்ச்சியோடு தம் காதலியை முத்தமிடும் சூனஸின் படம் வெளிவந்தது. வெளிவந்த பத்திரிகை 'தி சன்'. நாள், ஹில்ஸ்பரோவின் மூன்றாம் நினைவு நாள்.

அந்தத் தேதியைத் தாம் தேர்ந்தெடுக்கவில்லை என்றும், ஸ்காட்லாந்தில் இருந்தமையால் அவ்வூரின் புண் எவ்வளவு ஆழமானது என்பதைத் தாம் உணரவில்லை என்றும் அவர் பின்னாளில் விளக்கினார். மன்னிப்பும் கேட்டார், ஒருமுறையன்று, பலமுறை. அப்போதே பதவி விலகியிருக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் லிவர்பூல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. ஆட்டக்காரராக அக்கழகத்தில் அவருக்குக் கிட்டாத ஒரே உள்நாட்டுப் பெருங்கோப்பை அது. ஆனால் கொண்டாட்டத்தில் அவர் பெயர் முழங்கவில்லை. லீக்கில் இருமுறை ஆறாமிடம். 1994 ஜனவரியில் பிரிஸ்டல் சிட்டியிடம் சொந்த அரங்கில் தோற்ற மூன்றாம் நாள் விலகினார்.

அன்றிலிருந்து வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. ரசிகர்களில் ஒரு சாரார், ஆட்டக்காரர் சூனஸ் வேறு, மேலாளர் சூனஸ் வேறு என்கின்றனர்; முன்னவர் கழகத்தின் ஆகச்சிறந்த நடுக்கள ஆட்டக்காரர், பின்னவரை மறந்துவிடலாம் என்பது இவர்கள் கட்சி. மறுசாரார், மனிதர் ஒருவரே, இரண்டாகப் பிளக்க இயலாது, 1992 ஏப்ரல் 15க்குப் பிறகு 1984க்கு மதிப்பில்லை என்கின்றனர். மூன்றாம் சாரார், மன்னிக்கும் உரிமை பிள்ளைகளை இழந்தோருக்கே உண்டு, நமக்கில்லை என்று ஒதுங்குகின்றனர்.

ஒருவரை வெறுக்கத் தொடங்கிவிட்டால் பிற பழிகளும் அவர்மீதே வந்து சேர்வது வரலாற்றில் புதிதன்று. லிவர்பூலின் பயிற்சியாளர்கள் கூடிப் பேசிய 'பூட் ரூம்' என்னும் புகழ்பெற்ற சிற்றறை, பத்திரிகையாளர் அறைக்கு இடம் வேண்டி 1993இல் இடிக்கப்பட்டது. மரபை இடித்தவர் சூனஸ் என்றே அது கதையாயிற்று. 1990க்குப் பின் 2020 வரை லீக் பட்டம் கிட்டாத முப்பதாண்டு வறட்சிக்கும் வித்திட்டவர் அவரே என்பார் உண்டு. அவர் வாங்கிய ஆட்டக்காரர்கள் பலர் சோபிக்கவில்லை என்பது மெய். ராபி ஃபவுலர் என்னும் இளைஞனை 1993இல் களமிறக்கியவரும் அவரே என்பது அதே அளவு மெய். முன்னது சொல்லப்படும் அளவுக்குப் பின்னது சொல்லப்படுவதில்லை.

குணத்தையும் குற்றத்தையும் ஆராய்ந்து, அவற்றுள் மிக்கதைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுக என்று வள்ளுவர் வழிகாட்டியிருக்கிறாரே, அந்தத் தராசை இங்கே பயன்படுத்தினால் என்ன என்று தமிழ் வாசகர் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். அக்குறள் இடம்பெறுவது தெரிந்துதெளிதல் அதிகாரத்தில். அதாவது, ஒரு வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்குச் சொன்னது. தேர்பவனுக்குத் தராசு உதவும். துக்கம் காக்கும் வீட்டுக்கு அது உதவுமா? ஐந்து பட்டங்களை ஒரு தட்டிலும் ஒரு முற்பகலை மறுதட்டிலும் வைக்க எந்தப் படிக்கல் பொருந்தும்?

மோவிலாவின் தாடையை இப்போது நினைவுகூர்வோம். அந்த வன்முறை வெளியாருக்கு எதிராக, ஊருக்காக நிகழ்ந்தது என்று ரசிகர்கள் கொண்டதால் அது வீரமாயிற்று. நேர்காணலோ யாரையும் அடிக்கவில்லை. ஆனால் ஊரின் இறந்தோர் பக்கம் நிற்கத் தவறியது. எனவே அது ஆறாத வடுவாயிற்று. ஒருவரின் புகழைத் தீர்மானிப்பது செயலின் கொடுமை மட்டுமன்று, அது யாரை நோக்கி நிகழ்ந்தது என்பதும்கூட. இது நியாயமா என்றால், புக்கரெஸ்டில் கேட்டால் இல்லை என்பார்கள். லிவர்பூலில் கேட்டால், எங்கள் பிள்ளைகளைத் திருடர் என்று எழுதிய தாளை நீ அறியமாட்டாய் என்பார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

என் எண்ணம் இதுதான். சூனஸை இரண்டாகப் பிளப்போர் அவருக்குச் சலுகை தருகின்றனர். 1984ஐ அழிப்போர் தம் சொந்த மகிழ்ச்சியையே அழித்துக்கொள்கின்றனர். ரோமில் உறுதியோடு பந்தை உதைத்த அதே மனிதர்தான் எட்டாண்டுகள் கழித்து, தாம் யாருக்குத் தலைவர் என்பதை ஒருகணம் மறந்தார். அவருடைய மன்னிப்பு உண்மையானது என்றே நம்புகிறேன். ஆயினும் மன்னிப்புக் கேட்பது கேட்பவர் கையில்; அது வரவு வைக்கப்படுவது பிறர் கையில். இரண்டு தேதிகளையும் அருகருகே இருக்க விடுவதே வரலாறு எழுதுபவனுக்கு அழகு. ஊர் வழக்கை முடிக்காமல் வைத்திருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. மாண்டவர்களை மறக்காதிருக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று.