வியட்நாமில் ஜனநாயகச் செயற்பாட்டாளர்களின் சிறைவாசம்

வியட்நாமில் ஒரு கட்சி ஆட்சிக்கு மாற்றாகப் பல கட்சி முறை, சுதந்திரமான தேர்தல், தணிக்கையற்ற பத்திரிகை, சுயேச்சையான சங்கங்கள் ஆகியவற்றை அமைதி வழியில் கேட்டவர்கள் பல பத்தாண்டுகளாகச் சிறையில் அடைக்கப்பட்டு வருகிறார்கள். மருத்துவர், பேராசிரியர், பாதிரியார், வழக்கறிஞர், பொறியாளர், முன்னாள் பெண் காவலர், நிலத்தைப் பறிகொடுத்த உழவர், நூடுல்ஸ் கடை நடத்தியவர் என எல்லாத் தொழிலினரும் இவர்களில் உண்டு. 2024 நிலவரப்படி 160க்கும் மேற்பட்டோர் அரசியல் காரணங்களுக்காகச் சிறையில் இருப்பதாக ‘ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்’ அமைப்பு கணக்கிட்டது. தன் நாட்டில் மனச்சான்றுக் கைதிகள் எவரும் இல்லை, சட்டத்தை மீறியவர்களே தண்டிக்கப்படுகிறார்கள் என்பது ஹனோய் அரசு மாறாமல் சொல்லிவரும் பதில்.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள அந்தச் சட்டத்தையே பார்க்க வேண்டும்.

சட்டப் பின்னணி

2013ஆம் ஆண்டு அரசமைப்பின் 25ஆம் பிரிவு பேச்சு, பத்திரிகை, கூட்டம், சங்கம், ஆர்ப்பாட்டம் ஆகிய உரிமைகளைக் குடிமக்களுக்கு அளிக்கிறது. அவற்றைப் பயன்படுத்தும் முறையைச் சட்டம் வகுக்கும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதே அரசமைப்பின் 4ஆம் பிரிவு, நாட்டையும் சமூகத்தையும் வழிநடத்தும் சக்தி கம்யூனிஸ்ட் கட்சியே என்று அறிவிக்கிறது. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை வியட்நாம் 1982இலேயே ஏற்றது.

கொடுத்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்வது குற்றவியல் சட்டம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் 79, 88, 258 என்று இருந்த பிரிவுகள், 2018 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 109, 117, 331 என்று எண் மாறின. மக்கள் ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கிலான செயல்களைத் தண்டிப்பது முதலாவது. 2025வரை அதற்கு மரண தண்டனைக்கும் இடமிருந்தது. அரசுக்கு எதிரான தகவல்களைத் தயாரித்தாலும், வைத்திருந்தாலும், பரப்பினாலும் தண்டிப்பது இரண்டாவது. அதற்கு 20 ஆண்டுகள்வரை சிறை. ‘ஜனநாயக சுதந்திரங்களைத் தவறாகப் பயன்படுத்தி’ அரசின் நலனுக்கு ஊறு செய்வது மூன்றாவது. அதற்கு ஏழு ஆண்டுகள்வரை. ஒரு கட்டுரையை எழுதினால் போதும், ஒரு அமைப்பில் சேர்ந்தால் போதும். வன்முறையில் இறங்கியதாக நிறுவ வேண்டிய தேவையே எழுவதில்லை. நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் கட்சிக்குக் கட்டுப்பட்ட நாட்டில் இவ்வளவு தளர்வாக எழுதப்பட்ட பிரிவுகள் யாரை வேண்டுமானாலும் பிடிக்கும். அப்படிப் பிடிக்கவே அவை எழுதப்பட்டன என்று, கடந்த முப்பது ஆண்டுத் தீர்ப்புகளைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

முன்னோடிகள்

1945 செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டின் சதுக்கத்தில் ஹோ சி மின் விடுதலைப் பிரகடனத்தை வாசித்த விழாவை ஏற்பாடு செய்தவர் நுயென் ஹூ டாங். 1956இல் எழுத்தாளர்களும் கலைஞர்களும் ‘நான் வான்’, ‘கியாய் ஃபாம்’ ஆகிய இதழ்களில் படைப்புச் சுதந்திரமும் சட்டத்தின் ஆட்சியும் கேட்டபோது அவர்களில் முன்னணியில் நின்றவரும் அவரே. இதழ்கள் மூடப்பட்டன. 1960இல் அவருக்கு 15 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. 1973இல்தான் வெளியே வந்தார். அவருக்குப் பின், மார்க்சிய மெய்யியல் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஹோவாங் மின் சின், கட்சிக்கு எதிரான திருத்தல்வாதி என்று 1967இல் கைதானார். பின்னர் 1981இலும் 1995இலும் மறுபடி பிடிக்கப்பட்டார். புரட்சியை நடத்தியவர்களையே புரட்சி அரசு சிறையிலிட்டது என்பதற்கு இவ்விருவரும் சான்று.

கவிஞர் நுயென் சீ தியெனின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பள்ளியில் வரலாறு கற்பிக்கையில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பணிந்தது மஞ்சூரியாவில் சோவியத் படை பெற்ற வெற்றியால் என்று பாடநூல் கூறியதை மறுத்து, அமெரிக்க அணுகுண்டுகளே காரணம் என்று மாணவர்களிடம் சொன்னார். அதுவே அவர் முதன்முதலில் சிறைசெல்லக் காரணமாயிற்று. தாளும் எழுதுகோலும் மறுக்கப்பட்ட அறையில் கவிதைகளை மனத்துக்குள்ளேயே கட்டி, மனப்பாடமாக வைத்துக்கொண்டார். 1979 ஜூலையில், விடுதலையான இடைவெளியில், சுமார் 400 கவிதைகளை எழுதி ஹனோயிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் நுழைந்து கொடுத்துவிட்டார். வாசலிலேயே காவலர்கள் பிடித்தார்கள். அடுத்த 12 ஆண்டுகள் சிறை. மொத்தம் 27 ஆண்டுகள் சிறையில் கழித்த அவர் 2012இல் கலிபோர்னியாவில் காலமானார்.

1975க்குப் பின் தென்பகுதியில் பழைய ஆட்சியின் அலுவலர்களும் படையினரும் அறிவாளர்களும் ‘மறுகல்வி’ முகாம்களுக்கு விசாரணையின்றி அனுப்பப்பட்டனர். அந்தக் காலத்தில் பத்தாண்டு அடைபட்டுக் கிடந்த மருத்துவர் நுயென் டான் குவே, வெளிவந்ததும் 1990இல் மனித உரிமையும் சுதந்திரத் தேர்தலும் கேட்டு இயக்கம் தொடங்கினார். 20 ஆண்டுகள் சிறை விதிக்கப்பட்டது. சிறு சுற்றிதழ் ஒன்றை நண்பர்களிடையே பரப்பிய பேராசிரியர் டோவான் வியெத் ஹோவாத்துக்கும் 1993இல் அதே 20 ஆண்டுகள்தான். மேல்முறையீட்டில் 15 ஆயிற்று. இருவரும் 1998இல் விடுவிக்கப்பட்டனர். ஹோவாத் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். நாட்டைவிட்டுப் போக மறுத்துத் தங்கிய குவே மீண்டும் கைதானார்.

தொகுதி 8406

2006 ஏப்ரல் 8 அன்று 118 பேர் கையெழுத்திட்டு வெளியிட்ட ஜனநாயக அறிக்கையிலிருந்து பிறந்தது தொகுதி 8406. பெயரிலுள்ள எண் அந்த நாளைக் குறிக்கிறது. ஆசிய–பசிபிக் பொருளாதார உச்சிமாநாட்டை நடத்தவும் உலக வணிக அமைப்பில் சேரவும் ஹனோய் ஆயத்தமான காலம் அது. சில மாதங்கள் பிடி தளர்ந்திருந்தது. 2007 ஜனவரியில் உறுப்பினர் தகுதி கிடைத்தபின் கைதுகள் வரிசையாக வந்தன.

2007 மார்ச் 30 அன்று ஹுவே நகர நீதிமன்றத்தில் கத்தோலிக்கப் பாதிரியார் நுயென் வான் லீ நிறுத்தப்பட்டார். அவர் முழக்கமிட வாய் திறந்ததும் பின்னால் நின்ற காவலர் கையால் அவர் வாயைப் பொத்தினார். அந்தப் புகைப்படம் உலகமெங்கும் பரவியது. வியட்நாமின் அரசியல் வழக்குகளைப் பற்றி எழுதப்பட்ட எந்த அறிக்கையும் அந்த ஒரு படம் சொன்ன அளவுக்குச் சொன்னதில்லை. லீக்கு எட்டு ஆண்டுகள் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் வழக்கறிஞர்கள் நுயென் வான் டாய், லே தி காங் நான் ஆகியோருக்கு முறையே ஐந்தும் நான்கும் ஆண்டுகள்; மேல்முறையீட்டில் ஒவ்வோராண்டு குறைந்தது.

டிரான் ஹுயின் டுய் துக் வழக்கு

2010 ஜனவரி 20 அன்று ஹோ சி மின் நகரில் நால்வர் விசாரிக்கப்பட்டனர். இணையத் தொழில்முனைவரான டிரான் ஹுயின் டுய் துக், நகர வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் துணைத் தலைவர் லே காங் டின், பிரான்சில் படித்துத் திரும்பிய நுயென் தியென் டிரூங், தொழிலதிபர் லே தாங் லாங் ஆகியோரே அந்த நால்வர். நீதிபதிகள் கலந்தாலோசிக்க எடுத்துக்கொண்டது 15 நிமிடம். தீர்ப்பை வாசித்து முடிக்க 45 நிமிடம் ஆயிற்று. தீர்ப்பு முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ள மறுத்த துக்குக்கு 16 ஆண்டுகள், டிரூங்குக்கு ஏழு, மற்ற இருவருக்கும் ஐந்தைந்து.

துக் சிறையிலிருந்தபடியே சட்டத்தின் வழியில் போராடினார். புதிய குற்றவியல் சட்டம், ஆட்சிக் கவிழ்ப்புக்கு ‘ஆயத்தம்’ மட்டும் செய்தவருக்கு அதிகபட்சம் ஐந்தாண்டு என்று வரையறுத்தது. அதைவிட நெடுங்காலம் தாம் ஏற்கெனவே கழித்துவிட்டதால் தம்மை விடுவிக்க வேண்டும் என்று மனுமேல் மனு அனுப்பினார். பலமுறை உண்ணாவிரதம் இருந்தார். அமெரிக்கா சென்றால் விடுதலை என்ற வழியை அவர் ஏற்கவில்லை. 2024 செப்டம்பரில், தண்டனை முடிய சில மாதங்களே இருந்தபோது, மன்னிப்பை ஏற்க மறுத்த அவரைச் சிறைக் காவலர்கள் வலுக்கட்டாயமாக வெளியே கொண்டுவந்து விட்டார்கள். குடியரசுத் தலைவர் தோ லாம் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க் புறப்பட்ட நேரம் அது.

வலைப்பதிவர்கள்

பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி அனைத்தும் அரசின் கையில் இருந்ததால், இணையம் வந்ததும் எழுத்து அங்கே குடியேறியது. 2007இல் சுதந்திரப் பத்திரிகையாளர் மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நுயென் வான் ஹாய் முதலில் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டில் 30 மாதம் அடைக்கப்பட்டார். அந்தக் காலம் முடிந்த பின்னும் விடுவிக்கப்படாமல், 2012 செப்டம்பரில் 12 ஆண்டு தண்டனை பெற்றார். அதே வழக்கில் முன்னாள் காவலர் தா ஃபாங் தானுக்குப் பத்து ஆண்டுகள். விசாரணைக்குச் சில வாரங்களுக்கு முன், 2012 ஜூலை 30 அன்று, மகளின் நிலை பொறாத அவருடைய தாய் பாக் லியூ நகரில் அரசு அலுவலகத்துக்கு வெளியே தீக்குளித்து இறந்தார்.

2016 ஏப்ரலில் ஹா தின் மாகாணத்தில் ஃபார்மோசா உருக்காலை வெளியேற்றிய நச்சுக் கழிவால் நான்கு மாகாணக் கடலோரங்களில் மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்களுக்கு நீதி கேட்டுக் குரல் எழுப்பியவர்களில் நா ட்ராங் நகரைச் சேர்ந்த நுயென் நாக் நியூ குயின் ஒருவர். ‘மே நாம்’ என்ற புனைபெயரில் எழுதிய அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். ஆலை 50 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. குயினுக்கோ 2017 ஜூனில் பத்து ஆண்டுகள் சிறை கிடைத்தது. பிறகு வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள தான் ஹோவா மாகாணச் சிறைக்கு அவர் மாற்றப்பட்டார்.

அண்மைக் காலம்

2019 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அடக்குமுறை இறுகியது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான வணிக ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தரும் முன் மனித உரிமை நிலையைப் பாருங்கள் என்று ஐரோப்பிய நாடாளுமன்றத்திடம் வேண்டிய பத்திரிகையாளர் ஃபாம் சீ டுங், 2019 நவம்பரில் கைதானார். ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அவருக்கு 2021 ஜனவரியில் 15 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. ஐரோப்பா இதற்காக வெட்கப்பட வேண்டும்.

நிலம் இன்னொரு காரணம். எல்லா நிலமும் அரசு நிர்வகிக்கும் மக்கள் சொத்து என்பது சட்டம். ஆகவே உழவரை வெளியேற்றுவது எளிது. 2020 ஜனவரி 9 விடிவதற்கு முன் ஹனோய் அருகே டோங் தாம் கிராமத்துக்குள் ஆயிரக்கணக்கான காவலர்கள் புகுந்தனர். ஊர்த் தலைவராக மதிக்கப்பட்ட 84 வயது லே டின் கின் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று காவலர்களும் இறந்தனர். அங்கு நடந்ததை வெளியுலகுக்குச் சொன்ன கான் தி தேவுவுக்கும் அவர் மகன் டிரின் பா துவுக்கும் தலா எட்டு ஆண்டுகள். மூத்த மகன் டிரின் பா ஃபுவாங்குக்குப் பத்து ஆண்டுகள்.

2021 நவம்பரில், அப்போது பொதுப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த தோ லாம் லண்டனில் தங்கத் தகடு போர்த்திய மாட்டிறைச்சியைச் சமையற்காரர் கையால் உண்ட காணொளி வெளிவந்தது. டா நாங் நகரில் மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்ற புய் துவான் லாம், அந்தச் சமையற்காரர் உப்புத் தூவியதுபோலத் தன் கிண்ணத்தில் வெங்காயத்தாள் தூவிக் காட்டி ஒரு காணொளி வெளியிட்டார். 2023 மே மாதம் அவருடைய முகநூல், யூடியூப் பதிவுகளுக்காக ஐந்தரை ஆண்டு தண்டனை வந்தது. தோ லாம் 2024இல் கட்சியின் பொதுச் செயலாளரானார்.

சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கு வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டே ஆயுதமாயிற்று. நிலக்கரியைக் குறைக்கக் கோரிய நுய் தி கான், வழக்கறிஞர் டாங் டின் பாக், ஹோவாங் தி மின் ஹாங் ஆகியோர் அவ்வாறு சிறை சென்றனர்.

விசாரணையும் சிறையும்

தேசியப் பாதுகாப்பு வழக்குகளில் புலனாய்வு முடியும்வரை வழக்கறிஞரை அனுமதிக்க வேண்டியதில்லை. ஆகவே கைதானவர் ஓராண்டுக்கும் மேலாகக் குடும்பத்தையோ வழக்கறிஞரையோ பார்க்காமல் இருப்பது வழக்கமாகிவிட்டது. விசாரணை பெரும்பாலும் ஒரே நாளில் முடியும்; வெளிப்படையான விசாரணை என்று அறிவிக்கப்பட்டாலும் உறவினர் பலர் வாசலிலேயே நிறுத்தப்படுவர். தண்டனைக்குப் பின் தொலைதூரச் சிறைக்கு மாற்றுவது குடும்பத்துக்குக் கொடுக்கப்படும் தனித் தண்டனை. வேதியியல் ஆசிரியர் டின் டாங் டின், பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்ததற்காக ஆறு ஆண்டு சிறை பெற்று, வயிற்றுப் புற்றுநோய் முற்றிய பிறகே விடுவிக்கப்பட்டு 2014 ஏப்ரலில் இறந்தார். குடிமக்கள் பத்திரிகையாளர் டோ காங் டுவாங் 2022 ஆகஸ்டில் நே ஆன் மாகாணச் சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கையில் மாண்டார்.

விடுதலை என்னும் நாடுகடத்தல்

பெயர் பெற்ற கைதிகளைச் சிறையிலிருந்து நேரே விமானத்துக்கு அழைத்துச் செல்வது ஹனோயின் பழகிய முறை. சட்ட அறிஞர் கூ ஹுய் ஹா வூ, நுயென் வான் ஹாய் ஆகியோர் 2014இலும், தா ஃபாங் தான் 2015இலும், நுயென் நாக் நியூ குயின் 2018இலும் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். இரண்டாம் முறை 15 ஆண்டு தண்டனை பெற்ற நுயென் வான் டாய் 2018 ஜூனில் ஜெர்மனி சென்றார். வல்லரசுகளுடன் பேரம் நடக்கும் வேளைகளில் இத்தகைய விடுதலைகள் வருவதைக் காணலாம். உயிர் தப்புகிறது, அதற்காக மகிழத்தான் வேண்டும். ஆனால் நாட்டுக்குள் ஒரு குரல் குறைகிறது, காலியான அறைக்குள் அடுத்தவர் வருகிறார்.

இந்தப் பேரத்தை முன்கூட்டியே மறுத்தவர் பத்திரிகையாளர் ஃபாம் டோவான் டிராங். பொதுமக்களுக்கு அரசியலை எளிமையாக விளக்கும் நூல் எழுதியவர், டோங் தாம் சம்பவம் பற்றிய அறிக்கையைத் தொகுத்தவர்களில் ஒருவர். தாம் சிறைப்பட்டால் வெளியிடுமாறு 2019 மே மாதமே கடிதம் எழுதி நண்பர்களிடம் கொடுத்திருந்தார். தமக்கு மட்டுமான விடுதலை வேண்டாம், சுதந்திரமான தேர்தலுக்கான சட்டத்தைக் கேளுங்கள் என்பது அதன் சாரம். 2020 அக்டோபர் 6 நள்ளிரவில், அமெரிக்க–வியட்நாம் மனித உரிமைப் பேச்சுவார்த்தை முடிந்த சில மணி நேரத்தில், அவர் கைதானார். 2021 டிசம்பர் 14 அன்று அவருக்கு ஒன்பது ஆண்டுகள் விதிக்கப்பட்டன. அந்தத் தண்டனைக் காலம் 2029 அக்டோபரில் முடிகிறது.